குமுதா முறுக்கும் கிரீன்விச் ராகுவும்

கிள்ளான்,
சனிக்கிழமை, விடியற்காலை.

என்றும் என் மரியாதைக்குரிய பிரவின் மாமாவுக்கு, உங்கள் அக்காள் மகள் தாமரை எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், எண்ணெய்ச் சட்டி எல்லாரும் நலம். பிரிக்ஃபீல்ட்ஸ் அறையில் நீங்களும் உங்கள் நண்பர்களும் ஒரு வேளையாவது பாக்கெட் மீ நூடுல்ஸ் அல்லாத உணவை உண்டு நலமாக இருக்க வேண்டுகிறேன். வேலை நேரத்தில் போன் செய்யக்கூடாது, கோளாறு எதுவானாலும் முதலிலிருந்து எழுதி அனுப்ப வேண்டும் என்று நீங்கள் சொன்னதால் இந்தக் கடிதம்.

கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு அம்மா இந்தத் தீபாவளியை நம்பி இறங்கியிருப்பது உங்களுக்குத் தெரியும். ஆர்டர் வராவிட்டால் மறுபடியும் ஷிப்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால்தான் 'குமுதா முறுக்கு' இணைய அகப்பக்கத்தை நேற்று, வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரத்தில் திறக்க வேண்டும் என்றார். விலையை மாற்று, படத்தை மாற்று என்று அம்மா உங்களை வாட்டியதால் நீங்கள் அமைத்துக் கொடுத்த தானியங்கி மிக நன்றாக வேலை செய்கிறது. நான் ஒரு வரி மாற்றி அனுப்பினால் போதும். விலை விடுபட்டிருக்கிறதா, படம் உடைந்திருக்கிறதா என்று அதுவே சோதித்து, சரியென்றால் அதுவே கிளவுட்டில் ஏற்றி, உலகத்துக்கே காட்டிவிடுகிறது. அது இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருப்பதைப் பார்த்த அம்மா, "ராகு காலத்துல மட்டும் எதையும் ஏத்தாதன்னு அதுகிட்ட சொல்லி வை" என்றார். நானும் உங்களைக் கேட்காமல் அதையும் ஒரு சோதனையாகச் சேர்த்துவிட்டேன்.

நேற்று மாலை மடிக்கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம். அப்பா குளித்து வேட்டி கட்டியிருந்தார். பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் ஆன்டி கற்பூரத் தட்டோடு நின்றார். நான் விநாயகரை வேண்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். திரை முழுக்கச் சிவப்பு: 'ராகு காலம். வெளியிட இயலாது.'

"வெள்ளிக்கிழம விளக்கு வச்ச நேரத்துல ராகுவா?" என்று அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்பா நாட்காட்டியைக் கழற்றிக்கொண்டு வந்து திரைக்கு நேராகப் பிடித்துக் காட்டினார், அது படித்துத் திருந்தும் என்பது போல. தேடிப் பார்த்த பிறகுதான் என் அறியாமை எனக்குத் தெரிந்தது. தானியங்கி ஓடும் கணினி மலேசிய நேரத்தில் இல்லை, கிரீன்விச் நேரத்தில் இருக்கிறது. நமக்கு இரவு ஏழு என்றால் அதற்கு முற்பகல் பதினொன்று. வெள்ளிக்கிழமை பதினொன்று சுத்தமான ராகு காலம்!

"அது லண்டன் ராகு, குமுதா. விசா எடுத்துக்கிட்டு வரட்டும், பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

"மெசின் இருக்கிற எடத்துல ராகுன்னா ராகுதான். விளையாடாதீங்க."

"ஒரே ஒரு வரிதான்மா, மாத்திடறேன்" என்றேன்.

"சாமிய ஏமாத்தறியா? கைய எடுடி!"

ஆகவே லண்டனில் ராகு முடியும்வரை கிள்ளானில் காத்திருந்தோம். கற்பூரம் மூன்று முறை அணைந்தது. அம்மா முறுக்கு அச்சைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சும்மா இருக்க முடியாத பஞ்சவர்ணம் ஆன்டி போனை வாயருகே வைத்துக் கோயில் பெண்கள் குழுவுக்குச் செய்தி அனுப்பினார்: "ஏய், நம்ம குமுதா வெப்சைட் ராகு காலத்துல தொறக்க மாட்டேங்குது! கம்ப்யூட்டரே பஞ்சாங்கம் பாக்குது லா! இப்படி சுத்தபத்தமா செய்யற முறுக்க வேற எங்க வாங்குவீங்க?"

எட்டு மணிக்குப் பச்சை விளக்கு எரிந்தது, மாமா. பக்கம் திறந்தது, ஆர்டர் கொட்டியது! பங்சார், ஜெஞ்சாரோம், மஸ்ஜித் இந்தியா ஜவுளிக்கடைகள் என்று எங்கிருந்தெல்லாமோ வந்தது. அம்மா சிரித்தார், பிறகு அழுதார், பிறகு அப்பாவைப் பார்த்து, "நான் சொன்னேன்ல?" என்றார். அவர் எதைச் சொன்னார் என்று அப்பா கேட்கவில்லை.

இரவே கணினியின் நேரத்தை மலேசிய நேரமாகத் திருத்திவிட்டேன், அம்மாவின் அனுமதியோடு. இனி அம்மாவின் வேண்டுகோள்: எமகண்டம், குளிகை, அஷ்டமி, நவமி ஆகியவற்றையும் நீங்கள் சேர்த்துத் தர வேண்டும். தானியங்கியே எல்லாவற்றையும் கவனித்துக்கொள்வதால் நீங்கள் சிரமப்பட்டுக் கிள்ளான் வரத் தேவையே இல்லை என்றும் சொல்லச் சொன்னார்.

அம்மாவின் ஆசியும், அப்பாவின் விசாரிப்பும், எண்ணெய் வாசம் வீசும் என் வணக்கமும்.

தங்கள் மருமகள்,
தாமரை

பி.கு.: மாமா, மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். காலையிலேயே முறுக்கு எங்கள் கைக்கு மீறி விற்றுவிட்டது. 'முடிந்துவிட்டது' என்று பக்கத்தில் போடப் பார்த்தால் திரை மறுபடியும் சிவப்பு. இந்த முறை உண்மையான, உள்ளூர், சனிக்கிழமை ராகு. "பொறு, முடியட்டும்" என்று அம்மாவும் முதலில் பொறுமையாகத்தான் இருந்தார். போன் டிங் டிங் என்று நிற்காமல் அடித்தது. கடைசியில், "அந்த ராகுவத் தூக்குடி மொதல்ல! ஆர்டர் எடுக்கத்தான் நல்ல நேரம் பாக்கணும், நிறுத்த எந்த நேரமா இருந்தா என்ன லா!" என்று கத்தினார். தூக்கிவிட்டேன். ஆனால் அதற்குள் வந்த ஆர்டருக்கு யார் முறுக்குப் பிழிவது? அதற்குத் தானியங்கி இல்லையாம். அடுத்த ரயிலில் கிள்ளானுக்கு வாருங்கள். மடிக்கணினி வேண்டாம், இரண்டு கைகள் போதும். அறை நண்பர்களுக்கும் கை இருந்தால் அவர்களையும் அழைத்து வரச் சொன்னார் அம்மா.