எனக்கு நானே போட்ட இரண்டு

அம்மருட், ஒஸ்லோ

மதிப்புக்குரிய மச்சான் யோகலிங்கம் அவர்களுக்கு,

உங்கள் ஊர் ஸ்தவாங்கரின் காற்றும் மழையும் ஒருபுறம் இருக்க, நீங்களும் குடும்பமும் நலமென்று நம்புகிறேன். நானும் உங்கள் தங்கை இந்திராவும் சுகம். போனில் சொன்னால் அவள் இடையில் புகுந்து என் கதையையும் தானே கதைத்து முடித்துவிடுவாள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

முதியோர் இல்லச் சமையலறையில் எனக்கு இது பத்தொன்பதாவது வருடம். எண்பது பேருக்குச் சூப்பு வைத்து, ஒருவருக்கும் வயிற்றால் போகாமல் காத்து வந்தவன். போன மாதம் புதிய மேலாளர் சில்யே, என் மகளின் வயதுதான், மேசையில் மெழுகுதிரி கொளுத்தி வைத்து என்னை வருடாந்த உரையாடலுக்கு அழைத்தாள். எனக்கு எதில் வளர்ச்சி தேவை என்று கண்டுபிடிக்கவாம். ஐம்பத்தெட்டு வயதில் இனி வளர வயிறு ஒன்றுதான் மிச்சம். படிவத்தில் எனக்கு நானே ஐந்துக்குப் புள்ளி போட வேண்டும். தன்னைத் தானே மெச்சுகிறவனை எங்கள் ஆட்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? மரியாதையாக எல்லாவற்றுக்கும் இரண்டு போட்டேன். “எதை நன்றாகச் செய்தீர்கள்?” என்றாள். “நான் தனியே என்ன செய்தேன், எல்லாரும் சேர்ந்துதான்” என்றேன். ‘பொறுப்பேற்கத் தயங்குகிறார்’ என்று எழுதினாள். “எதைத் திருத்த வேண்டும்?” என்றாள். “நீங்கள் சொன்னால் சரி” என்றேன். ‘சுயசிந்தனை குறைவு’ என்று எழுதினாள். எட்டு மாதத்துக்கு முன் வந்து, கஞ்சியை இரண்டு தரம் அடிப்பிடிக்க விட்ட ஹென்ரிக் என்ற மகராசன் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டிருந்தானாம். ஆகவே இனி எனக்கு வழிகாட்டி அவன்தான்! அதோடு புதியவர்களுக்கான இரண்டு நாள் அடிப்படைப் பயிற்சியும்.

போனேன். பயிற்சிப் புத்தகத்தில் ‘இப்படித்தான் இருக்க வேண்டும்’ என்று ஒரு குளிரறையின் படம். பார்த்தால் அது எங்கள் குளிரறை. சாமான்களில் ஒட்டியிருந்த திகதியெல்லாம் என் கையெழுத்து. ஆசிரியர் அதைக் காட்டி, “இதைச் செய்தவரிடம் படியுங்கள்” என்கிறார். எழும்பி ‘அது நான்தான்’ என்று சொல்வது அழகா? குனிந்து குறிப்பெடுத்தேன். வீட்டில் இதைக் கேட்டு இந்திரா வெடித்தாள். “வாயைத் திறந்தா முத்துக் கொட்டிப்போடுமே? குழுத் தலைவர் வேலை காலியாக் கிடக்கு. அதில ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லை, பிள்ளையளோட ஒண்டா இருந்து சாப்பிடலாம். அதையும் அந்த ஹென்ரிக்குக்கே குடுங்கோ!” அவள் சொல்வது நியாயம், மச்சான். எத்தனை வருடமாக அந்த வேலைக்கு ஆசைப்பட்டிருக்கிறேன், மனம் நோகிறது. இனிப் பணிவு கிணிவு எல்லாம் கிடையாது. நாளைக் காலை சில்யேயிடம் போய், “எனக்கு ஐந்து, அந்த வேலையும் எனக்கு” என்று நேரே சொல்லப் போகிறேன்.

வயதில் மூத்தவர் நீங்கள், அங்கிருந்தே ஆசீர்வதியுங்கள். கோபிகா அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

இப்படிக்கு,
இனி வாய் திறக்கவிருக்கும்
குலசேகரம்

பி.கு.: முத்திரை ஒட்டுமுன் வேலைக்குப் போய் வந்துவிட்டேன். நான் வாய் திறக்க முன்னமே சில்யே ஓடி வந்தாள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாளாம். “குழுத் தலைவராக நீங்கள்தான் வர வேண்டும், சம்மதமா?” என்றாள். கேட்டவுடன் ஓமென்றால் அதற்கே காத்துக் கிடந்தவன் போல இராதா? “ஐயோ, எனக்கேன், வேறு யாருக்காவது கொடுங்கள்” என்றேன். எங்கள் ஆட்களென்றால் மூன்று தரமாவது கேட்பார்கள். இவள், “உங்கள் முடிவை மதிக்கிறேன்” என்று கைகுலுக்கிவிட்டு ஹென்ரிக்கிடம் போனாள். அவன் முதல் தரமே ஓமென்றுவிட்டான். இந்திராவுக்கு இன்னும் சொல்லவில்லை. அண்ணன் என்ற முறையில் நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.