வென்டல் வாத்தியார் ஆன விதம்

அமெரிக்காவின் டுலூத் நகரில் ஒரு தானியக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருந்த வென்டல் லெஹ்டோ, நாற்பத்திரண்டாவது பிறந்தநாளன்று கேக்கை வெட்டிய கையோடு, பட்டயக் கணக்காளர் ஆவதற்கான, நாலு பாகம் கொண்ட சி.பி.ஏ. தேர்வை எழுதியே தீருவதென்று அறிவித்தார். அந்தப் பட்டம் இல்லாததால் பதவி உயர்வு மூன்று முறை கைநழுவியிருந்தது. மூன்றாவது முறை அது போய்ச் சேர்ந்தது, அவரே வேலை பழக்கிவிட்ட பெண்ணிடம்.

மறுநாளே படிப்பு ஆரம்பம். அதாவது, படிப்பதற்கான ஏற்பாடு ஆரம்பம். கீழறையில் மேசை போட்டார். மேசைக்கேற்ற நாற்காலி வாங்கினார், நாற்காலிக்கேற்ற விளக்கு வாங்கினார். கால அட்டவணை போட்டார்; அழகாக வரவில்லையென்று மூன்று தடவை திருப்பிப் போட்டார். படிக்கிற மனுஷனைப் பனி அள்ளச் சொல்ல முடியுமா? பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அவர் மனைவி கொரீன்தான் வாசல் பனியை அள்ளினாள்.

ஒருநாள் காபியோடு கீழே இறங்கினாள். புத்தகம் உறைகூடப் பிரியாமல் கிடந்தது. வென்டல் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வயதில் இதே தேர்வில் தோற்றவர். அந்தப் பயம் இன்னும் போகவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. காபியை வைத்துவிட்டு மேலே போனாள்.

மறுநாள் காலை, பஸ் ஓட்டி அலுத்துவிட்டது, தானும் கணக்கு படிக்கலாமென்று இருப்பதாகச் சொன்னாள். "முதல் பாடம் மட்டும் சொல்லிக் குடேன், வாத்தியாரே."

வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சொல்லிக் கொடுக்க வேண்டுமானால் முதலில் தெரிந்திருக்க வேண்டுமே! உறையைக் கிழித்தார்.

கொரீனைப் போல ஒரு மக்கு மாணவி கிடைப்பது அரிது. தேய்மானத்தில் மட்டும் நாலு நாள் நின்றாள்.

"பஸ் நேத்து ஓடுன மாதிரிதானே இன்னைக்கும் ஓடுது? அப்புறம் எதுக்கு அதோட மதிப்பைக் குறைக்கணும்?"

வென்டல் கீழே ஓடிப் பத்துப் பக்கம் படித்துவிட்டு வந்து விளக்கினார். அவள் அடுத்த சந்தேகத்தைத் தயாராக வைத்திருந்தாள். இப்படியே நாலு மாதம். வென்டலுக்கு உள்ளூர சந்தோஷம்தான். தன் தேர்வைத் தள்ளிப்போட இதைவிட நல்ல சாக்கு எங்கே கிடைக்கும்?

ஏரியில் பனிக்கட்டி உருகிய வாரம், மாணவி தேறிவிட்டாள் என்று தீர்மானித்தார்.

"நீ தயார், கொரீன். தேர்வுக்குப் பேரைப் பதிஞ்சுடு."

"பதிஞ்சாச்சு. வியாழக்கிழமை காலையில ஒன்பது மணி."

"அட, பயமா இல்லையா?"

"எனக்கென்ன பயம்? பதிஞ்சது உன் பேரை. நான் நீட்டுன காகிதத்துல எல்லாம் படிச்சுப் பாக்காமலேயே கையெழுத்துப் போட்டியே, அதுல ஒண்ணுதான் உன் தேர்வு விண்ணப்பம்."

வென்டல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். தனக்கு இதெல்லாம் வராது என்றார். கொரீன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலு மாசமா எனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு?"

வியாழனன்று பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அதே மஞ்சள் பஸ்ஸில் கணவனைத் தேர்வு மையத்தில் கொண்டுபோய் இறக்கினாள்.

தேறிவிட்டார். முடிவு வந்த காலையில் சந்தேகத்தோடு கேட்டார்: "நிஜத்தைச் சொல்லு. அந்தத் தேய்மானம் உனக்கு முதல் நாளே புரிஞ்சுதுதானே?"

"புரிஞ்சுது" என்றாள் கொரீன், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி. "ஆனா இன்னும் மூணு தேர்வு பாக்கி இருக்கே, வாத்தியாரே. அடுத்தது வரி. அதுல எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியப்போறதில்ல."