நூடில் தம்பிரான்

“கிணத்துக் கயிறு அறுந்துபோச்சு. தண்ணியோ அவசரம். என்ன செய்யிறது? வேலியோரம் படுத்திருந்த ரெண்டு நாகபாம்பைப் பிடிச்சன். வாலோட வாலை முடிஞ்சன். ஒண்டின்ர வாயில வாளியைக் குடுத்து, தொட்டி நிரம்புமட்டும் அள்ளினனான்!”

ஜனார்த்தன் சொல்லி முடித்தபோது, கனடாவில், மார்க்கம் நகரத்தில் அவனுடைய வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருந்த விருந்தாளிகளில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேச வாயில் இடமில்லை. ஆட்டிறைச்சிக் கறி அப்படி. அதோடு, ஜனார்த்தனின் கதைகள் அவர்களுக்குப் பழகிப்போனவை. பத்து வயதில் செய்ததாக அவன் சொன்ன வீரச்செயல்களையெல்லாம் செய்து முடிக்க ஒரு சாதாரண மனிதனுக்கு நூற்றிருபது வயதாவது வேண்டும்.

மனைவி நிரூபா மட்டும் கேட்டாள். “அப்ப பாம்பு கடிக்கேல்லையோ?”

“எப்படியப்பா கடிக்கும்? வாயில வாளியெல்லோ!”

மேசை குலுங்கிச் சிரித்தது. சிரிக்காமல் இருந்தவள் ஒருத்திதான். ஒன்பது வயது மகள் சுபாங்கி முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தகப்பனை ஆழமாகப் பார்த்தாள்.

“ரியலி, அப்பா?”

“ஓம் குஞ்சு. அப்பா பொய் சொல்லுவனோ?”

“அப்ப எனக்கு ஒரு பாம்பு வாங்கித் தாங்கோ.”

ஜனார்த்தனின் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்த இறைச்சித் துண்டு பாதி வழியில் நின்று, மேலே போவதா கீழே போவதா என்று யோசித்தது.

உண்மை என்னவென்றால், ஜனார்த்தன் நாகபாம்பைக் கண்டதெல்லாம் சிவபெருமானின் கழுத்தில்தான். அதுவும் கலண்டரில். ரிவியில் பாம்பு வந்தால் இரண்டு காலையும் தூக்கிச் சோபாவில் வைத்துவிடுவான். கோடை காலத்தில் தோட்டத்துத் தண்ணிக் குழாயைச் சுருட்டி வைப்பதும் நிரூபாதான். புல்லுக்குள் அது கிடந்த விதம் அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் ஒன்று. அலுவலகத்தில் அவன் சொல்வதை மேலாளர் நம்புவதில்லை. வீட்டில் மனைவி நம்புவதில்லை. மழை பெய்கிறது என்று அவன் சொன்னால் மச்சான்மார் யன்னலைத் திறந்து கையை நீட்டிப் பார்ப்பார்கள். இந்தப் பூமியில் அவனை நம்பக் கிடைத்த ஒரே ஜீவன் சுபாங்கி. அந்த ஒன்றையும் இழந்துவிட அவன் தயாரில்லை.

“பாம்பு வேண்டாம் பிள்ளை. ஒரு ஹம்ஸ்ரர் எலி வாங்குவம். பஞ்சு மாதிரி இருக்கும்.”

“நாகபாம்பில தண்ணி அள்ளின ஆளுக்கு ஹம்ஸ்ரரோ?” என்றாள் நிரூபா. “ஊர் சிரிக்கும். எனக்குப் பாம்பு வந்தால் பிரச்சினையில்லை. நீங்கள் இருக்கிறியள்தானே.”

அவள் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்தால், பாம்பைவிட அவளே பரவாயில்லை என்று சொல்ல முடியாது.

அடுத்த சனிக்கிழமை மூவரும் விட்பிக்குப் போனார்கள். அங்கே புதுக் குடியிருப்பொன்றில் ஜூலியன் என்ற இளைஞன் பாம்பு வளர்த்து விற்கிறான் என்று கேள்வி. மற்றவர்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்றை வாடகைக்கு விடுவார்கள். ஜூலியனும் விட்டதுபோலத்தான் இருந்தது. மேலே மாதா படமும் மெழுகுதிரியும். கீழே சுவரோரம் அடுக்கடுக்காகப் பெட்டிகள், பெட்டிக்கொரு குடித்தனக்காரர்.

“முதல் பாம்போ அண்ணை?” என்று ஜூலியன் கேட்டான்.

“பிள்ளைக்கு முதல்,” என்றாள் நிரூபா. “இவருக்குக் கணக்கில்லை. ரெண்டு நாகபாம்பை முடிஞ்சு கிணத்துக்குள்ள இறக்கினவர்.”

ஜூலியன் ஒரு அடி பின்வாங்கி ஜனார்த்தனை மேலும் கீழும் பார்த்தான். “அப்ப அண்ணைக்கு நான் ஒண்டும் சொல்லித்தரத் தேவையில்லை.”

அதுதான் வில்லங்கமே. ஜனார்த்தனுக்கு ஆயிரம் விசயம் சொல்லித்தர வேண்டியிருந்தது.

“தம்பி, பல்லில்லாத பாம்பு ஏதும் இருக்கோ? எனக்கில்லை, பிள்ளைக்கு.”

“பல்லில்லாத பாம்பு இல்லை அண்ணை.”

“அசையாதது?”

“அதுக்குப் பேர் பெல்ட்.”

ஜூலியன் நல்ல பையன். சிரிக்காமல் இரண்டு பாம்பைக் காட்டினான். ஒன்று கறுப்பும் மண்ணிறமுமான பைதன் என்ற குட்டி மலைப்பாம்பு. “இது பயந்தால் பந்து மாதிரிச் சுருண்டிடும். சாதுவான ஆள். ஆனால் கோவிச்சுக்கொண்டால் மாதக்கணக்கில சாப்பிடாது. வாங்கின பிள்ளையளின்ர தாய் தகப்பன் அழுதுகொண்டு எனக்கு ஃபோன் எடுப்பினம்.” மற்றது செம்மஞ்சள் நிறம், இரண்டு சப்பாத்து நாடா நீளம். “இது சோளப்பாம்பு. நஞ்சில்லை, கோவமில்லை, போட்டதைச் சாப்பிடும். பிள்ளையளுக்கு இதுதான் திறம். ஒரே ஒரு பழக்கம், மூடியைக் கொழுவாட்டில் வெளிக்கிட்டிடும்.”

“உங்கட தம்பி மாதிரி,” என்றான் ஜனார்த்தன் நிரூபாவிடம். பகிடி விட்டால் பயம் குறையும் என்று நினைத்தான். குறையவில்லை.

“தங்கச்சி, தூக்கிப் பாக்கிறீங்களோ? தலையைப் பிடிக்கக்கூடாது, நடு உடம்பைத் தாங்கினால் காணும்.”

சுபாங்கி தாயின் பின்னால் நகர்ந்தாள். “அப்பா ஃபர்ஸ்ட்,” என்றாள்.

பிள்ளைக்கு எவ்வளவு மரியாதை! ஜனார்த்தனின் கண் கலங்கியது. அதே கணம் அவனுடைய கைத்தொலைபேசி மிக அவசரமாக அடித்தது. அடித்தது அவனுக்கு மட்டும்தான் கேட்டது. “ஒஃபிஸ்!” என்று சொல்லிக்கொண்டு வெளியே ஓடி, காருக்குள் இருந்து, அணைத்து வைத்திருந்த தொலைபேசியோடு நெடுநேரம் காரசாரமாக விவாதித்தான். கடைசியில் விவாதத்தில் வென்றும் விட்டான். திரும்பி வந்தபோது சோளப்பாம்பு ஒரு துணிப்பைக்குள், துணிப்பை ஒரு பெட்டிக்குள், பெட்டி நிரூபாவின் கையில்.

“நீங்கள் இல்லாதபடியால் நாங்களே முடிவெடுத்திட்டம். நான் கார் ஓட்டுறன். நீங்கள் இதை மடியில வைச்சிருங்கோ. பழகின கை.”

விட்பியில் இழுத்த மூச்சை ஜனார்த்தன் மார்க்கத்தில்தான் விட்டான். மருத்துவ உலகம் இதை நம்பாது.

சுபாங்கி அதற்கு நூடில் என்று பெயர் வைத்தாள். வரவேற்பறை மூலையில் கண்ணாடித் தொட்டி, ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் தண்ணீர்க் கிண்ணம், மேலே நாலு கொழுக்கி போட்ட மூடி. குளிர்பெட்டிக்குள் மீன் பொதிகளுக்கு அடியில் உறைந்த எலிக்குஞ்சுகள். தினமும் பள்ளிக்கூடத்தால் வந்ததும் பிள்ளை தொட்டியிலிருந்து நாலு முழம் தள்ளி நின்று கேட்பாள். “அப்பா, இண்டைக்குத் தூக்குவீங்களோ?”

“புதுசா வந்த பாம்பை ஒரு கிழமை தொடக்கூடாதாம் பிள்ளை. ஜூலியன் சொன்னவர்.”

அது உண்மைதான். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு உண்மை அவனைக் காப்பாற்றியது. ஆனால் கிழமை என்பது கிழமைதானே. அது முடியப்போகும் நேரத்தில் ஜனார்த்தனுக்கு ஒரு அருமையான யோசனை வந்தது. அவனுக்கு வந்த யோசனைகளிலேயே இதைவிட மோசமானது இதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சந்திரவதனா அன்ரி!

நிரூபாவின் சின்னம்மா. ஸ்காபரோவில் இருந்துகொண்டே மூன்று நகரங்களை ஆள்பவர். ஒரு மருமகன் ஆசையாக வளர்த்த நாயை, சாமியறை வாசலில் படுத்தது என்பதற்காக ஒரே அதட்டில் வீடு மாற வைத்தவர். நாய்க்கே அந்தக் கதி என்றால் பாம்பை விடுவாரா? அன்ரி வேண்டாமென்றால் நிரூபாவும் பேசமாட்டாள், பிள்ளையும் தகப்பனைக் குறை சொல்லாது. ஜனார்த்தன் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழைத்தான்.

“அன்ரி, எப்படிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை. வீட்டில ஒரு பாம்பு இருக்கு.”

 மறுமுனையிலிருந்து மெதுவாக ஒரு கேள்வி. “எந்தக் கிழமை வந்தவர்?”

“வந்தவரோ? சனிக்கிழமை...”

“சனிக்கிழமையோ! சனியன்ர தோசம் நீங்குதெண்டு அர்த்தம்!” அன்ரியின் குரல் தழுதழுத்தது. “தம்பி, நாகதம்பிரான் எல்லார் வீட்டுக்கும் போகார். நீர் புண்ணியம் செய்தனீர். வாற வெள்ளிக்கிழமை நான் எங்கட பசனைக் கோஷ்டியோட வாறன். அதுவரைக்கும் அவரை ஒருத்தரும் அசைக்கக்கூடாது.”

“அன்ரி, நான் அதைத் திருப்பிக் குடுக்கலாமெண்டு...”

“திருப்பியோ? வீடு தேடி வந்த சாமியையோ? சந்ததிக்கே ஆகாது, சொல்லிப்போட்டன்!”

குளியலறையை விட்டு வெளியே வந்தபோது ஜனார்த்தனின் வீட்டில் ஒரு பாம்பு இருக்கவில்லை. ஒரு கோயில் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, பள்ளிக்கூட விடுமுறை நாள். நாலு காரில் பெண்கள் வந்து இறங்கினார்கள். பட்டுச்சேலைக்கு மேலே பனிக்கோட்டு, கையில் பால், மஞ்சள், தேங்காய், வாழைப்பழம். வரவேற்பறை நிறைந்தது. ஊதுபத்திப் புகையில் கூரையில் இருந்த தீ எச்சரிக்கைக் கருவி தானும் ஒரு பக்கம் பசனை பாடியது. நிரூபா கதிரையில் ஏறி அதை நிற்பாட்டினாள்.

“ஆளின்ர பேர் என்ன?” என்று அன்ரி கேட்டார்.

“நூடில்,” என்றாள் சுபாங்கி.

“அபசாரம்! நூடில் தம்பிரான் எண்டு சொல்லு பிள்ளை. சாப்பாடு என்ன தம்பி?”

சுபாங்கி வாயைத் திறக்குமுன் ஜனார்த்தன் முந்திக்கொண்டான். “கிழமையில ஆறு நாள் விரதம் அன்ரி.”

“ஆறு நாளோ!” அன்ரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். “நானே செவ்வாயும் வெள்ளியும்தான்.”

பெண்கள் ஒவ்வொருவராக வந்து மூடியைத் தூக்கிப் பூப் போட்டார்கள். கடைசியாகப் போட்டவர் யாரோ, கொழுக்கியை மறந்துவிட்டார். அன்ரி தொட்டிக்கு முன்னால் பாயில் சம்மணமிட்டு அமர்ந்து, கண்ணை மூடி, தேவாரம் எடுத்தார். கோஷ்டி தொடர்ந்தது.

நடுவழியில் ஒரு குரல் நின்றது. பிறகு இன்னொன்று. மூன்றாவது பாட்டுக்குள் அன்ரி மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருந்தார். தன்னுடைய குரலில் மயங்கித்தான் மற்றவர்கள் அடங்கிவிட்டார்கள் என்று நினைத்து இன்னும் உச்சத்துக்குப் போனார்.

ஜனார்த்தன் எட்டிப் பார்த்தான். தொட்டிக்குள் பூ மட்டும் இருந்தது.

அன்ரியின் தலையில் தேங்காயளவு கொண்டை. கொண்டையைச் சுற்றி மல்லிகைச் சரம். மல்லிகைச் சரத்தைச் சுற்றி நூடில். செம்மஞ்சள் தலையை அன்ரியின் நெற்றிக்கு மேலே நீட்டி, கூடியிருந்த பக்தர்களை ஆறுதலாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இஞ்சேருங்கோ,” என்றாள் நிரூபா உதடு அசையாமல். கற்பூரம் எரிகிற தட்டு அவள் கையில். “அன்ரின்ர இதயத்துக்குப் பற்றரி வைச்சிருக்கு. கண்ணைத் திறந்து கண்டால் ஆள் முடிஞ்சுது. எடுங்கோ!”

“நீர்...”

“நானோ? பயத்தில தட்டையே பிடிக்கேலாமல் நிக்கிறன். கெதியா!”

பாட்டு முடிய இன்னும் இரண்டு வரிதான். ஜனார்த்தன் திரும்பிப் பார்த்தான். மாடிப்படியில் சுபாங்கி நின்றாள். அவள் பாம்பைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண் வெட்டாமல்.

ஜனார்த்தனின் கால்கள் வாசலை நோக்கிப் புறப்பட்டன. கைகள் கொண்டையை நோக்கிப் புறப்பட்டன. ஒரே உடம்புக்குள் நடந்த அந்த இழுபறியில் கைகள் வென்றன. தலையைப் பிடிக்கக்கூடாது, நடு உடம்பைத் தாங்க வேண்டும். இரண்டு விரலை மல்லிகைக்கும் பாம்புக்கும் இடையில் விட்டான். ஈரமாக வழுக்கும் என்று வாழ்நாள் முழுக்க நினைத்திருந்தான். அது காய்ந்த, குளிர்ந்த, மெல்லிய தோல். உள்ளே ஒரு சின்ன உயிர் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. நூடில் ஒரு தரம் நாக்கை நீட்டி அவனை விசாரித்தது. திருப்திப்பட்டதுபோல் கொண்டையை விட்டு அவன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. அவன் நடந்தான். தொட்டிக்குள் இறக்கினான். மூடினான். நாலு கொழுக்கியையும் போட்டான்.

அதற்குப் பிறகுதான் முழங்கால் இரண்டும் விடைபெற்றுக்கொண்டன. தொட்டிக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

அன்ரி கண்ணைத் திறந்தார். “ஏன் எல்லாரும் நிப்பாட்டினனீங்கள்? அப்பப்பா, தலையில என்ன ஒரு குளிர்ச்சி! தம்பிரான் கை வைச்சமாதிரி!” பிறகு நிலத்தில் கிடந்தவனைக் கண்டு கண்ணீர் விட்டார். “பாருங்கோ, எவ்வளவு பக்தியான பிள்ளை!” என்று அவன் நெற்றியில் ஒரு பிடி விபூதியை அப்பினார்.

பெண்களில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அன்ரியிடம் உண்மையைச் சொல்லப் பாம்பைப் பிடிப்பதைவிடத் துணிச்சல் வேண்டும்.

எல்லோரும் அடுக்களையில் கடலையும் வடையுமாக இருந்தபோது ஜனார்த்தன் சோபாவில் கிடந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு யாரோ ஒருவருடைய கைகள் மாதிரி இருந்தன. சுபாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்பா, நீங்க உண்மையாவே தூக்கினீங்க. வெறுங்கையால.”

“இதென்ன பிள்ளை பெரிய வேலை?” நெஞ்சு தானாக நிமிர்ந்தது. “கிட்ட ஒரு கிணறு இருந்திருந்தால் வாளியும் கட்டியிருப்பன். இனிப் பயப்பிடாமல் நீங்களும் தூக்கலாம். வாங்கோ, உங்கட பாம்புதானே.”

சுபாங்கி சோபாவின் மறுமுனைக்குத் தாவினாள்.

“ஐயோ, வேண்டாம், எனக்குப் பாம்பெண்டால் சரியான பயம்! நீங்க சொன்னது பொய்யெண்டு எல்லாருக்கும் காட்டத்தான் கேட்டனான். ஓகே, ஸொறி அப்பா. ரெண்டு கோப்ரா, கிணறு, வாளி, எல்லாம் நடந்ததுதான்.”