உள் என்றால் எந்தப் பக்கம்?

வாத்து காற்றை வாங்க மறுத்தது.

ஊதுகுழல் மறுபடியும் மூச்சை இழுத்து, வாத்தின் வயிற்றில் இருந்த குட்டிக் குழாயில் வாயை வைத்து ஊதினார். கன்னம் இரண்டும் உப்பின. கண்கள் வெளியே எட்டிப் பார்த்தன. காது சிவந்தது. வாத்து மட்டும் துவைத்துப் போட்ட போர்வை மாதிரி மேசைமேல் அப்படியே கிடந்தது.

"மாமா, நீங்க அதை ஊதுறீங்களா, இல்ல அது உங்களை ஊதுதா?" என்று கேட்டான் மச்சினன்.

மச்சினன் என்றால் மனைவியின் தம்பி. இதே பட்டறையில் பெட்டி கட்டுகிற வேலை. கை ஓடுவதைவிட அவனுக்கு வாய் நன்றாக ஓடும். அக்கா முகத்துக்காக ஊதுகுழல் பொறுத்துக்கொள்வார்.

"வாயை மூடு மாப்ளே. மணி என்ன?"

"பத்து."

பதினொன்றரைக்கு ஆள் வரப்போகிறார். 

காற்றடித்த பொம்மைகள் செய்யும் பட்டறை அது. இருபது வருடமாக அங்கே செய்த ஒவ்வொரு பொம்மையையும் வாயால் ஊதிச் சோதித்தவர் என்பதால்தான் அவருக்கு ஊதுகுழல் என்று பெயர். கோபம் வந்தால் வீட்டில் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவார். ஒருநாள் டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "இனிமே சூடான காப்பியைக்கூட ஊதாதீங்க" என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு உட்கார்ந்து யோசிக்க ஆரம்பித்ததில் பிறந்ததுதான் வால்வு. இன்றைய அவசரத்தில் டாக்டர் சொன்னதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நாணயம் அளவு ஒரு வில்லை, அதன் ஒரு பக்கத்தில் மெல்லிய ரப்பர் நாக்கு. இயந்திரத்தை வைத்துக் காற்று அடித்தால் நாக்கு விலகி வழி விடும். நிறுத்தினால், உள்ளே போன காற்றே நாக்கை அழுத்தி வழியை அடைத்துவிடும். மூடியும் வேண்டாம், திருகும் வேண்டாம். காற்றை இறக்க வேண்டுமென்றால் குழாயின் அடியைக் கிள்ளினால் போதும், நாக்கு கோணிக்கொண்டு விட்டுவிடும். இந்தச் சின்ன விஷயத்துக்கு அவருக்கு எட்டு வருடம் ஆயிற்று. பெற்ற பிள்ளை பேசின முதல் வார்த்தையைவிட, முதல் நாக்கு காற்றைப் பிடித்த நாள்தான் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. இதை அவர் மனைவியிடம் சொன்னதில்லை.

முந்தாநாள் முதலாளியம்மாவுக்கு ஒரு போன் வந்தது. வால்வைப் பற்றிக் கேள்விப்பட்ட ஒருவர் வெளியூரிலிருந்து பேசி, நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார். முதலாளியம்மா போனில் கேட்டதை அப்படியே ஒரு தாளில் எழுதி வால்வு அறைச் சுவரில் ஒட்டினார்: 'பெரிய அளவு வேண்டும். காற்று போக வேண்டும். போனது திரும்பி வரக் கூடாது. வருடம் முழுவதும் வேண்டும்.'

அம்மா ஒட்டிவிட்டுத் திரும்பி நின்று சொன்னார், "நல்லாக் கேட்டுக்குங்க. இவரும் வேண்டாம்னு போயிட்டா, வால்வு அறையை இழுத்துப் பூட்டிடுவேன். பழையபடி மூடிதான். பழையபடி உங்க வாய்தான்."

அதனால்தான் பட்டறையிலேயே பெரிய பொம்மையான வாத்தை எடுத்தார்கள். இரண்டு பிள்ளைகள் ஏறி உட்காரலாம். அதில் ஆறு உருப்படிக்கு நேற்று வால்வு வைத்து ஒட்டியாயிற்று. ஆறும் இப்போது மேசைமேல் சப்பையாகக் கிடந்தன.

ஊதுகுழல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குழாய்க்குள் பார்த்தார். நாக்கு உள்ளே இருக்க வேண்டியது, வெளியே நின்று அவரைப் பார்த்தது.

"அக்கா! இங்க வாங்க!"

பசையக்கா வந்தார். அவரைவிடப் பத்து வயது இளையவர், ஆனாலும் பட்டறை முழுவதற்கும் அக்கா. அவர் ஒட்டினால் ஒட்டினதுதான், யார் இழுத்தாலும் வராது.

"வால்வை எல்லாம் தலைகீழா வச்சிருக்கீங்களே!"

"நானா? வில்லையில நீங்கதானே 'உள்'னு எழுதியிருக்கீங்க? அந்தப் பக்கம் உள்ள இருக்குற மாதிரி வச்சேன்."

"'உள்'னா காத்து உள்ள போற பக்கம்! வாய் வைக்கிற பக்கம்!"

"வாய் வைக்கிறது வெளிப்பக்கம்தானே?"

"ஆமா."

"வெளிப்பக்கத்துல யாராவது 'உள்'னு எழுதுவாங்களா அண்ணே?"

ஊதுகுழல் வாயைத் திறந்தார். அதிலிருந்தும் காற்று வரவில்லை.

"நம்ம பட்டறை வாசல்ல 'உள்ளே'னு போர்டு மாட்டியிருக்கு. அது வெளிப்பக்கம்தானே இருக்கு?" என்றான் மச்சினன், யார் பக்கம் என்று தெரியாமல்.

"நீ சும்மா இரு!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

வில்லையைப் பிடுங்கித் திருப்பி வைக்கலாமா என்று பார்த்தார்கள். பசையக்கா ஒட்டினது, அசையவில்லை. மச்சினன் ஊது இயந்திரத்தை இழுத்துக்கொண்டு வந்தான். "நாக்கு என்ன பெரிய நாக்கு? இதை வச்சு ஒரு அழுத்து அழுத்தினா தானா வழி விடும் மாமா."

வேண்டாம் என்று சொல்வதற்குள் அழுத்திவிட்டான். வால்வு வழி விடவில்லை. குழாயைக் கிழித்துக்கொண்டு வில்லையோடு தெறித்து, மின்விசிறியில் பட்டு, அப்போதுதான் உள்ளே நுழைந்த முதலாளியம்மாவின் டீ டம்ளருக்குள் விழுந்தது.

அம்மா டம்ளரைப் பார்த்தார். "இது என்ன?"

"வால்வும்மா."

"டீக்கு எதுக்கு?"

"சோதனை பண்றோம்மா," என்றார் ஊதுகுழல். பொய் சொல்லும்போது அவருக்குக் குரல் பெண்குரலாகிவிடும். அம்மா சந்தேகமாகப் பார்த்துவிட்டு, "பதினொன்றரை" என்று மட்டும் சொல்லிவிட்டு டம்ளரோடு போனார்.

ஐந்து வாத்து மிச்சம். ஊதுகுழல் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பசையக்காவுக்கு வீட்டில் படிக்கிற பெண் இரண்டு. அறையைப் பூட்டினால் முதலில் வீட்டுக்குப் போவது பசையக்காதான் என்பது இருவருக்கும் தெரியும், அதனால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"மாமா, சட்டையைத் தலைகீழாப் போட்டுட்டா என்ன பண்ணுவோம்?" என்றான் மச்சினன்.

"கழட்டித் திருப்பிப் போடுவோம்."

"வாத்தையும் திருப்பிப் போட்டா?"

ஊதுகுழல் நிமிர்ந்தார். வால்வைத் திருப்ப முடியாது. ஆனால் வாத்தைத் திருப்பலாம்! உள்பக்கம் வெளியே வந்தால், தலைகீழாக இருக்கிற நாக்கு தானாக நேராகிவிடும். கல்யாணமான இருபத்தெட்டு வருடத்தில் முதல்முறையாக மச்சினனை அவருக்குக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அடிவயிற்றைக் கத்தியால் கீறித் திறந்து, தலையணை உறையைத் திருப்புவது போலத் திருப்பினார்கள். அவசரத்தில் இரண்டு வாத்து கழுத்தோடு கிழிந்தன. மூன்று தேறின. பசையக்கா அடிவயிற்றை மறுபடி ஒட்டினார். இயந்திரத்தை வைத்ததும் மூன்றும் புஸ்ஸென்று எழுந்து நின்றன. இயந்திரத்தை எடுத்தார்கள். ஒரு பொட்டுக் காற்று இறங்கவில்லை. ஊதுகுழலுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே," என்றார் பசையக்கா மெதுவாக, "மூஞ்சி எங்கண்ணே?"

கண், மூக்கு, இறக்கை எல்லாம் அச்சடித்திருந்தது வெளிப்பக்கம். அந்த வெளிப்பக்கம் இப்போது உள்ளே போயிருந்தது. மூன்று வெள்ளைப் பூதங்கள் முகமில்லாமல் நின்றன.

"பேனா எங்க?" என்றான் மச்சினன்.

மணி பதினொன்று இருபது. வேறு வழியில்லை. பெட்டிமேல் விலாசம் எழுதுகிற பட்டைப் பேனாவால் அவன் முகம் வரைந்தான். முதல் வாத்துக்கு ஒரு கண் நெற்றிக்குப் போய்விட்டது. இரண்டாவது வாத்து யாரையோ போலீசில் பிடித்துக் கொடுக்கப் போவது போல முறைத்தது. மூன்றாவது சிரித்தது.

"வாத்துக்கு எதுக்குடா பல்லு?"

"சிரிக்கணும்னா பல்லு வேணாமா மாமா?"

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. "கொண்டு வாங்க!" என்று அலுவலக அறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

இருக்கிறதில் நல்ல வாத்து எது என்று பார்த்து, பல்லுள்ளதையே தூக்கினார்கள். வால்வு அறைக்கும் அலுவலக அறைக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு. வாத்தின் தலை போயிற்று, கழுத்து போயிற்று, வயிறு நிலையில் சிக்கிக்கொண்டது. ஊதுகுழலும் மச்சினனும் பின்னாலிருந்து தள்ளத் தள்ள, அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெளியூர்க்காரருக்கு எதிரே பல்லைக் காட்டிய ஒரு தலை ஆடிக்கொண்டே இருந்தது.

"வணக்கம்," என்றார் வெளியூர்க்காரர், என்ன செய்வதென்று தெரியாமல்.

"கொஞ்சம் காத்தை இறக்குங்களேன்!" என்று பல்லைக் கடித்தார் முதலாளியம்மா.

ஊதுகுழல் குழாயைக் கிள்ளப் போனார். வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாய், திருப்பிப் போட்டதில் வாத்தின் வயிற்றுக்குள் போய்விட்டிருந்தது. குச்சி விட்டுக் குத்தலாம் என்றால், அடிவயிற்றில் பசை இன்னும் ஈரம், குத்துகிற வேகத்தில் வாத்தே வாயைப் பிளந்துவிடும்.

"இறங்காதும்மா!" என்று கதவுக்குப் பின்னாலிருந்து கத்தினார். கத்தும்போதே அவருக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. "தலைகீழா நின்னாலும் இறங்காது!"

கடைசியில் கதவைக் கழற்றினார்கள். பட்டறையே சேர்ந்து இழுத்ததில் வாத்து ஒரு துள்ளுத் துள்ளி அலுவலகத்துக்குள் வந்து விழுந்தது. ஊதுகுழல் அதன் பின்னாலேயே வந்து விழுந்தார்.

வெளியூர்க்காரர் சாதுவான மனிதர். மடிப்புக் கலையாத சட்டை. அவருடைய டிரைவர் ஆள் உயரத்துக்கு ஒரு துணி மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி வாசலிலேயே நின்றிருந்தான். மூட்டையும் கதவுக்குள் நுழையவில்லை போலிருக்கிறது.

வெளியூர்க்காரர் வாத்தைத் தொட்டுப் பார்த்தார். அமுக்கினார்.

"காத்து வரலையே," என்றார்.

"வராதுங்க," என்றார் ஊதுகுழல்.

"நல்லா அமுக்கினா?"

"உக்காந்தே பாருங்களேன்."

உட்கார்ந்தார். வாத்து முனகக்கூட இல்லை.

"எழுந்து ஒரு குதி குதிங்க சார்! கூச்சப்படாதீங்க!"

முதலாளியம்மா புன்னகையோடு தலையாட்டவும், அந்த மனிதர் வேறு வழியில்லாமல் எழுந்து குதித்து உட்கார்ந்தார். வாத்து அவரைக் கூரைப் பக்கம் கொஞ்சம் அனுப்பிவிட்டுத் திரும்பவும் வாங்கிக்கொண்டது. காற்று அசையவில்லை. மச்சினன் கை தட்டினான்.

ஆனால் வெளியூர்க்காரர் முகம் சுண்டிப்போயிருந்தது. "ஒரு துளிகூடப் போகாதா?" என்று ஏக்கத்தோடு கேட்டார்.

"சத்தியமா போகாதுங்க!"

அவர் வாத்தைவிட்டு எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "வேலை ரொம்ப நல்லாயிருக்கு. எங்களுக்குத்தான் ஆகாதுங்க. சிரமம் கொடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க."

முதலாளியம்மாவின் புன்னகை அப்படியே உறைந்தது. பசையக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கையில் ஒன்றும் இல்லை. அதைப் பார்த்ததும் ஊதுகுழலுக்குப் பொறுக்கவில்லை. வாத்தின் பல்லைப் பார்த்தே மனிதர் கண்டுபிடித்துவிட்டார், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"சார், ஒரு நிமிஷம். உண்மையைச் சொல்லிடறேன். தப்பு என்னோடது. இந்த அக்காவோடது இல்ல. 'உள்'னு தப்பா எழுதிட்டேன், அதனால எல்லா வால்வும் தலைகீழாப் போயிடுச்சு. ஊதினா ஒரு பொட்டுக் காத்து உள்ள போகல. உள்ள இருந்த காத்து மட்டும் அமுக்குன உடனே வெளிய ஓடிடுச்சு, அப்புறம் சப்பையா அப்படியே கிடந்தது. காலையிலேர்ந்து உசிரைக் கொடுத்து, ஒண்ணு விடாம எல்லாத்தையும் சரி பண்ணிட்டோம் சார்! இனிமே ஒருநாளும் அப்படி நடக்காது!"

வெளியூர்க்காரர் மறுபடி வாத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். 

வாசலில் நின்ற டிரைவர் மூட்டையைத் தொப்பென்று கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

"கெடுத்தீங்களேண்ணே… நாங்க மெத்தை விக்கிறவங்க, பையில போட்டுச் சப்பையா அமுக்கி அனுப்புறதுக்கு அந்தத் தலைகீழ் வால்வைத்தான் மூணு மாசமாத் தேடிக்கிட்டு இருக்கோம்!"