ஒரு நிமிஷக்காரரும் திக்கித் திக்கி ஓடிய படமும்

சில மனிதர்கள் எந்தச் சாமானில் கை வைப்பதாக இருந்தாலும் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி அந்தச் சாமானின் தலைமேல் வைப்பார்கள். மிக்சி என்றால் மிக்சி மேல், தையல் மெஷின் என்றால் தையல் மெஷின் மேல். பிறகு, "ஒரு நிமிஷம், இதோ ஆச்சு" என்பார்கள். இவர்களுக்கு ஒரு நிமிஷக்காரர்கள் என்று பெயர். கடிகாரத்தைத்தான் கழற்றி வைத்தாயிற்றே, அந்த நிமிஷம் எவ்வளவு நீளம் என்று யார் பார்ப்பது?

நாம் பார்க்கப் போகிறவருக்கு பஸ் டிப்போவில் வேலை. வண்டிகளைக் குறித்த நேரத்துக்கு வெளியே அனுப்ப வேண்டும். அங்கே அவருக்கு ஒரு நிமிஷம் என்றால் ஒரு நிமிஷம்தான். டிரைவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவருவார்கள். வீட்டில் மட்டும் அது ரப்பர். கடிகாரம் கையை விட்டு இறங்கியதும் அவர் மனைவி சமையலறையில் அடுப்பின் தீயைக் குறைத்து வைத்துவிடுவாள். இத்தனை வருஷத்தில் அந்த அம்மாள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் எதையும் பார்க்காமல் விட்டதுமில்லை.

அன்று மத்தியானம் அவருடைய அக்கா வந்திருந்தாள். காலை ஒடித்துக்கொண்டு கட்டோடு படுத்திருந்ததால் தம்பி மகள் கல்யாணத்துக்கு வர முடியாமல் போனவள். இப்போது படத்திலாவது பார்த்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸில் திரும்ப வேண்டும். கல்யாண வீடியோவை மாப்பிள்ளை பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தார். அக்காவுக்குப் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. "நான் எடுத்தனுப்பின புடவையை உங்க பொண்ணு சாயங்காலம் கட்டினான்னு சொன்னியே, அதைக் காட்டும்மா" என்று உட்காரும்போதே சொல்லிவிட்டாள்.

போனில் அப்படிச் சொன்னது மனைவிதான். "சாயங்காலம் பூரா அதுதான் அண்ணி, அவிழ்க்கவே மாட்டேன்னுட்டா." நடந்தது வேறு. "அம்மா, இதைக் கட்டினா நான் எனக்கே அத்தை மாதிரி இருக்கேன்" என்று மகள் முகத்தைச் சுளித்து, சாயங்காலம் முழுக்க வேறொரு நீலப் புடவையில் நின்றுவிட்டு, கெஞ்சின பிறகு புறப்படும்போது மட்டும் அதைச் சுற்றிக்கொண்டாள். மண்டப வாசலிலிருந்து கார் கதவு வரைக்கும். அவ்வளவுதான் அந்தப் புடவையின் ஆயுள்.

படம் ஓடத் தொடங்கியது. ஓடியதா? மாலை பாதி தூரத்தில் நின்றது. நாதஸ்வரம் விக்கியது. புரோகிதர் திறந்த வாயை மூடாமல் வெகுநேரம் இருந்து, பிறகு மூன்று பேர் பேசுகிற வேகத்தில் பேசினார்.

"ஒரு நிமிஷம்" என்றார் நம்மவர். கடிகாரம் டிவிடி பிளேயரின் மேல் ஏறியது.

ஒரு நிமிஷக்காரர்களின் வைத்திய முறை எப்படி என்று உங்களுக்குத் தெரியாதா? முதலில் தட்டுவார்கள், பிறகு ஊதுவார்கள், வயர்களைப் பிடுங்கி அதே துளைகளில் திரும்பச் செருகுவார்கள், ரிமோட்டின் பேட்டரியை உருட்டிவிடுவார்கள், குளிர்சாதனப் பெட்டி கரண்ட்டை இழுக்கிறது என்று அதை அணைப்பார்கள், காற்றில் சிக்னல் கலைகிறது என்று மின்விசிறியை அணைப்பார்கள், எல்லோரும் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கும்போது "இப்ப எப்படி?" என்பார்கள். நம்மவர் இன்னும் ஒரு படி மேலே போனார். தட்டை வெளியே வரவழைத்து, டிஸ்க்கைப் படிக்கிற உள்கண்ணாடியைப் பஞ்சால் துடைத்தார். படமோ பக்கவாட்டில் செருகிய பென் டிரைவிலிருந்து வந்துகொண்டிருந்தது. வயிற்று வலிக்குக் காதைக் குடைகிற வைத்தியம்.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்கள். படம் ரொம்பப் பெரிய சைஸ், அந்தப் பழைய பிளேயரால் அவ்வளவு வேகமாகப் படிக்க முடியாது, சின்னதாக மாற்றித் தருகிறேன் என்றார் அவர். நம்மவர் போனை வைத்துவிட்டு, மாப்பிள்ளை நல்ல பையன், ஆனால் மெஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று தீர்ப்புச் சொன்னார்.

நடுவில் ஒருதடவை படம் வழவழவென்று ஓடிற்று. அப்போது அக்கா ஜன்னல் பக்கம் தண்ணீர் குடிக்க எழுந்திருந்தாள். "அக்கா, நின்ன இடத்துலயே நில்லு, அசையாதே" என்றார். ஒடிந்த காலோடு அக்கா நின்றாள். படம் மறுபடி நின்றது. அவளும் உட்கார்ந்தாள்.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் கணவர் கை வைத்த சாமான் சரியாக வேண்டும் என்றே வேண்டியவள், அன்றைக்கு முதல்முறையாக, இது மட்டும் சரியாகிவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். ஒழுங்காக ஓடினால் நீலப் புடவை வந்துவிடுமே.

வேண்டுதல் பலித்தது. பென் டிரைவை உருவிச் செருகியதில் படம் ஒரு குதி குதித்தது. சாயங்காலம் முழுவதையும் தாண்டி, மண்டப வாசலில் போய் விழுந்தது. கார் கதவில் கை வைத்து மகள் திரும்பிப் பார்க்கிறாள். அங்கேயே நின்றுவிட்டது. பாக்குக் கலர், அகலக் கரை, அத்தையின் புடவை.

அக்கா எழுந்து நொண்டிக்கொண்டே டிவி கிட்டே போனாள். கரையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"கட்டியிருக்கா" என்றாள். "புறப்படற வரைக்கும் அவிழ்க்கலை பாரு."

பெட்டிக்குப் பின்னால் தலையை நுழைத்திருந்த நம்மவருக்கு இதெல்லாம் தெரியாது. படம் நின்றது மட்டும் தெரிந்தது. "ஒரு நிமிஷம்க்கா, நின்னுபோச்சு, இதோ ஓட வச்சுடறேன்" என்று வயரைத் தேடிக் கையை நீட்டினார்.

"கையை எடுங்க."

யார் பேசியது என்று அவர் தலையை வெளியே எடுத்துப் பார்த்தார். மனைவிதான்.

"அவ சொல்றதைக் கேளுடா தம்பி" என்றாள் அக்கா. "இவ்வளவு அழகா நிக்கறதை ஏன் ஓட்டறே?"

பஸ் நேரம் வரைக்கும் அவள் அந்தக் காட்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்காவுக்காகச் சரியான இடத்தில் படத்தை நிறுத்தியது தான்தான் என்று நம்மவர் டிப்போ முழுக்கச் சொல்லியிருக்கிறார். அதை மறுக்க யாருமில்லை. நீங்களும் சிரிக்காதீர்கள். இதைப் படிக்கும்போது, அந்தப் பின்பக்க வயரை மட்டும் ஒருதடவை பார்த்திருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், சற்று மணிக்கட்டைப் பாருங்கள். கடிகாரம் இருக்கிறதா?

மாப்பிள்ளை படத்தைச் சின்னதாக மாற்றிக் கொடுத்த பென் டிரைவ் மனைவியின் தையல் பெட்டியில், பட்டன்களுக்கு அடியில் இருக்கிறது. கூடத்தில் படம் இன்றைக்கும் திக்கித் திக்கித்தான் ஓடுகிறது.