நண்டு மாமாவுக்கு மூக்கு தேடிய கதை

என் அருமை நண்டு மாமாவுக்கு,

ஜெலுத்தோங் சலேஹா அக்கா வீட்டுப் பின்கட்டிலிருந்து உங்கள் வள்ளியம்மா கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும் ஆட்டுக்குட்டியும் சுகம். அங்கே நீங்கள் சுகமா என்று கேட்பதுதான் முறை. ஆனால் போன மார்கழி வெள்ளத்தில் தோட்டத்து ஜனங்களைக் கரையேற்றிவிட்டு, இன்னும் யாராவது நிற்கிறார்களா என்று தோணியைத் திருப்பின உங்களைப் பிறை ஆறு கொண்டுபோய் வருஷம் முடியப்போகிறது. தோணி கிடைத்தது, துடுப்பு கிடைத்தது, நீங்கள் கிடைக்கவில்லை. உங்களிடம் சுகமா என்று கேட்டால் ஊர் சிரிக்கும், ஆகையால் அந்த வரியைத் தாண்டி எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் நீங்களும் சிரிக்க வேண்டாம். இரண்டாம் பாடப் புத்தகத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்று தெரிந்துதானே கட்டினீர்கள்.

விஷயம் என்னவென்றால், உடம்பு கிடைக்காததால் உங்களுக்குக் காரியம் செய்யாமலே கிடந்தது. ஊர்ப் பெரியவர் பக்கிரிசாமி ஐயா வந்து, "பொணமும் இல்லே, படமும் இல்லேன்னா மாலைய எது கழுத்துலம்மா போடுறது? வருசம் முடியறதுக்குள்ள ஒரு படமாவது கொண்டாம்மா, இல்லாட்டி அவன் அந்தரத்துல அலைவான்" என்று சொல்லிவிட்டுப் போனார். கல்யாணத்தில் பிடித்த நம்முடைய ஒரே போட்டோவும் வீட்டோடு வெள்ளத்தில் போய்விட்டது. படத்துக்கு எங்கே போவது? அப்போதுதான் சலேஹா அக்கா பசாரில் கேட்டுக்கொண்டு ஓடி வந்தார். டவுனில் சித்திரம் எழுதுகிறவர்கள் எல்லாரும், சீனர், தமிழர், ஒரு வெள்ளைக்காரத் துரைசானி என்று ஒன்றாய்ச் சேர்ந்து, வீடிழந்த ஜனங்களுக்குக் கூரை போட்டுக்கொடுக்கத் தங்கள் படங்களையெல்லாம் ஒரு மண்டபத்தில் காட்சி வைத்து விற்கிறார்களாம், செத்தவர்கள் படம் இல்லாத குடும்பத்துக்குச் சும்மாவே எழுதியும் தருகிறார்களாம். அக்கா என் கையைப் பிடித்து இழுத்துப் போனார். உங்களோடு தோணி தள்ளின அர்ஜுனன் பயலும் சாட்சி சொல்கிறேன் என்று பின்னாலேயே வந்தது.

ஆ ஹெங் என்று ஒரு சீனப் பெரியவர். அவர்கள் ஜனத்தில் செத்தவர்கள் படம் எழுதுவதே அவருக்குத் தொழில். அவரிடம் ஒரு புத்தகம் இருக்கிறது மாமா, அதில் ஒரு பக்கம் முழுக்க மூக்கு, ஒரு பக்கம் முழுக்கக் கண், ஒரு பக்கம் காது. சொந்தக்காரர்கள் இது, இது என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டும், அவர் அதையெல்லாம் சேர்த்து ஒரு முகமாக்கிவிடுவார். மீன் பொறுக்குகிற மாதிரி மூக்கு பொறுக்கச் சொன்னால் நான் என்ன செய்வேன்? எல்லா மூக்கும் என்னைப் பார்த்தது. எதைப் பார்த்தாலும் தெரிந்த மூக்காகவும் இருந்தது, தெரியாத மூக்காகவும் இருந்தது. ஞாபகம் வரவில்லை என்று சொல்லி அழுதேன். அர்ஜுனன் புகுந்தது.

"அவனுக்கு ஏதுக்கா மூக்கு? மூக்கு இருக்க வேண்டிய எடத்துல ஒரு புளியங்கொட்டைதான இருந்துச்சு."

"மவுத்தாப்போன மனுசன்மேல பழி போடாத தம்பி. நல்ல கிளி மூக்கு. என் வீட்டுல கோழி ஆணம் கொதிச்சா தெருமுனையிலயே மோந்துருவாரு" என்றார் சலேஹா அக்கா.

"எலிக்குக்கூடத்தான் மோப்பம் இருக்கு, அதுக்காக அதுக்குக் கிளி மூக்கா?"

"சுடா, சுடா!" என்று ஆ ஹெங் புத்தகத்தைத் தட்டினார். போதுமாம். ஆள் ஒன்று என்றால் மூக்கும் ஒன்றுதான் என்று மலாயில் சொல்லிவிட்டு, கிளிக்கும் புளியங்கொட்டைக்கும் நடுவில் ஒன்றை எழுதி முடித்தார்.

முகம் ஆனதும் கோவில் சுவரில் சாமி எழுதுகிற பழனியப்பன் அண்ணன் கைக்குப் படம் போனது. "வெறும் மேலோட எப்படிம்மா சபையில நிப்பாரு?" என்று கேட்டு, பட்டு கட்டி, கடுக்கன் போட்டு, மார் நிறையப் பதக்கம் மாட்டினார். கையில் கொடுத்த துடுப்பும் கிட்டத்தட்ட வேல் மாதிரி ஆகிவிட்டது. பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரை எழுதுகிற முகம்மது சுல்தான் பாய் வந்தார். பின்னால் பிறை ஆற்றை எழுதுங்கள் பாய் என்றேன். "ஆறு வேணாம் தங்கச்சி, அது செஞ்ச வேலை போதும். நான் அரமனை போடுறேன். அம்புட்டு ஒசரத்துக்குத் தண்ணி ஏறாது" என்றார். கடைசியில் துரைசானி ஓரமெல்லாம் ரோஜாப்பூ வைத்தார்கள். வைத்துவிட்டு என் தோளைத் தொட்டு இங்கிலீஷில் என்னவோ சொல்லி அழுதார்கள். எனக்குப் புரியவில்லை, நான்தான் அவர்களைத் தட்டிக்கொடுத்துத் தேற்றினேன்.

காட்சி திறந்த அன்று ஒரே கூட்டம். ஒரு பாட்டியம்மா உங்கள் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, "இது எந்த ஊரு சாமி?" என்று கேட்க, "பிறை ஆத்து சாமி ஆத்தா. கள்ளு மட்டுந்தான் படையல்" என்று அர்ஜுனன் சொல்லிவைத்தது. நீங்கள் கரையேற்றின தோட்டத்து ஜனங்களும் வந்திருந்தார்கள். தள்ளி நின்றும் கிட்டே வந்தும் பார்த்துவிட்டு, "எங்கள ஏத்திவிட்டவரு இவரில்லியே தாயி" என்றார்கள். பிறகு, "இவரா இருந்தாலும் சரிதான்" என்று விழுந்து கும்பிட்டார்கள்.

மாமா, உங்களை ஒரு நாளும் பார்த்திராத நாலு பேர், சோறு தண்ணியை மறந்து உங்களுக்காகக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? மடித்த வெற்றிலையை நீட்டினேன். ஆ ஹெங் மரியாதைக்காக அதை முழுசாக விழுங்கிவிட்டு விக்கிக்கொண்டிருந்தார். படத்துக்கு மாலை போட்டு, பக்கிரிசாமி ஐயா முறைப்படி எல்லாம் நடத்தி வைத்தார். தாலி வாங்குகிற நேரத்தில் நானும் தலை குனிந்து கொடுத்தேன். உங்கள் ஆத்மா குளிரட்டும். அந்த நாலு பேர் கைக்கும் நோவு வராமல் இருக்க, மேலே யாரிடமாவது சொல்லி வையுங்கள். சலேஹா அக்கா சலாம் சொன்னார், அர்ஜுனனும் உங்களை விசாரித்தது.

இப்படிக்கு
வள்ளியம்மா

பின்குறிப்பு: மேலே எழுதினது பக்கிரிசாமி ஐயா எடுத்துப் பார்த்தாலும் பார்ப்பார் என்பதற்காக. இது தனித் தாளில். ஆ ஹெங் புத்தகத்தைத் திறந்ததுமே உங்கள் மூக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. மேல் வரிசையில், நுனி லேசாக ஒதுங்கி. அடுத்த பக்கத்தில் உங்கள் கண்ணும் இருந்தது. விரலை மடக்கிக்கொண்டேன். காட்டியிருந்தால் மாலை உங்கள் கழுத்தில் விழுந்திருக்கும். சுவரில் இருப்பவர் யார் பெற்ற பிள்ளையோ, உங்களுக்குப் பதிலாக மாலையை வாங்கிக்கொண்டார். அவருக்குத் தினமும் விளக்கு வைக்கிறேன். எவ்வளவு பெரிய உபகாரம் செய்தோம் என்று அவரை எழுதின புண்ணியவான்களுக்குத் தெரியாது. உடம்பை ஆறு கொடுக்கவில்லை, முகத்தை நான் கொடுக்கவில்லை. சொல்லுங்கள் மாமா, எந்தக் கரையில் ஏறினீர்கள்?