மூன்று மாதமா, ஒரு வருஷமா?

முடிவெடுக்கப் போகிறவர் என்று ஓர் இனம் உண்டு. கவனியுங்கள், முடிவெடுத்தவர் அல்ல, எடுக்கப் போகிறவர். எந்தக் காரியத்துக்கும் இரண்டு வழி இருக்கிறதென்று காதில் விழுந்தால் போதும், இவருக்கு உடம்பு புல்லரித்துவிடும். இரண்டையும் நிறுத்துப் பார்ப்பார், புரட்டிப் பார்ப்பார், நாலு பேரைக் கேட்பார், நாலு பேரும் ஒன்றுபோலச் சொல்லிவிட்டால் மனம் நொந்து ஐந்தாவது ஆளைத் தேடிப் பஸ் ஏறுவார். செய்ய மட்டும் மாட்டார்.

திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருந்த சுப்பராயலு இந்த இனத்தில் முதல் ரகம்.

அறுபத்திரண்டாம் வருஷம் அவர் மகள் செண்பகம் எஸ்.எஸ்.எல்.சி. தேறினாள். தேறினாளே தவிர, கணக்கில் மார்க் போதாமல் கல்லூரியில் சேரத் தகுதி கிடைக்கவில்லை. மறுபடி எழுதித் தகுதி வாங்கி, பி.யூ.சி. என்ற புகுமுக வகுப்புப் படித்து, அங்கிருந்து டாக்டர் படிப்புக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. செப்டம்பரிலும் எழுதலாம், மார்ச்சிலும் எழுதலாம். விழுப்புரத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் டுடோரியல் நடத்திய கிருஷ்ணசாமி, மூன்றே மாதத்தில் எல்லாவற்றையும் மண்டையில் திணித்து செப்டம்பர் பரீட்சைக்கு அனுப்பிவிடுவார். திண்டிவனத்திலேயே இருந்த ரிடையர்டு வாத்தியார் அந்தோணிசாமியோ, அடியிலிருந்து தொடங்கி ஒரு பள்ளிக்கூட வருஷம் முழுக்க நிதானமாகச் சொல்லிக்கொடுத்து மார்ச்சுக்குத்தான் அனுப்புவார்.

இரண்டு வழி. சுப்பராயலுவுக்கு வேறென்ன வேண்டும்?

மண்டியைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார். மூன்று மாதத்தில் ஏறியது மூன்று மாதத்தில் இறங்கிவிடாதா என்று கிருஷ்ணசாமியைக் கேட்டார். பரீட்சை அன்றைக்கு இருந்தால் போதுமே என்றார் அவர். நியாயமாகப் பட்டது. வருஷம் முழுக்கப் படித்தால் முதலில் படித்தது கடைசியில் மறந்துவிடாதா என்று அந்தோணிசாமியைக் கேட்டார். அஸ்திவாரம் பலமாக இருந்தால் மறக்காது என்றார் வாத்தியார். அதுவும் நியாயமாகவே பட்டது. பிறகு தபாலாபீஸ் குமாஸ்தாவைக் கேட்டார், ஓமியோபதி டாக்டரைக் கேட்டார், விழுப்புரம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாட்டுத் தரகரையும் விடவில்லை. கடைசியில் திருவக்கரைக்குப் போய் அம்மன் சன்னதியில் பூக்கட்டிப் பார்த்தார். சிவப்புப் பூ வந்தது. சிவப்பு என்றால் மூன்று மாதமா ஒரு வருஷமா என்று பொட்டலம் கட்டும்போது நினைத்துக்கொண்டது அவருக்கு மறந்துபோயிருந்தது.

செண்பகம் பழைய கணக்குப் புத்தகத்தோடு தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். புரியாத இடம் வந்தால் கேட்க ஆளில்லை. அப்பா வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் நிலைப்படியில் வந்து நிற்பாள். அவள் கேட்பதற்குள், யோசித்துக்கொண்டுதான் இருப்பதாக அவரே சொல்லிவிட்டு உள்ளே போவார்.

ஒரு சாயங்காலம் சிரித்த முகத்தோடு வந்தார்.

"விழுப்புரந்தாம்மா. மூணு மாசம் போதும். முடிவு பண்ணிட்டேன்."

"பரீட்ச போன வாரமே முடிஞ்சிடுச்சுப்பா," என்றாள் செண்பகம்.

வேறொருவராக இருந்தால் தலையைத் தொங்கப் போட்டிருப்பார். சரி, அந்தோணிசாமிதான் என்று மறுநாளே மகளைக் கொண்டுபோய் விட்டிருப்பார். சுப்பராயலு மிச்சமிருந்த காலத்தை எண்ணிப் பார்த்தார். மார்ச்சுக்கு இன்னும் ஆறு மாதத்துக்கும் குறைவு. மூன்று மாதப் படிப்புக்கு அதிகம், ஒரு வருஷப் படிப்புக்குப் போதாது. இது புதுச் சிக்கல். அவர் முகம் பழையபடி மலர்ந்தது.

இதற்கிடையில் வளவனூரிலிருந்து அவர் மைத்துனர் பாண்டுரங்கன் தன் மகனுக்குச் செண்பகத்தைக் கேட்டு வந்தார். படிப்புதான் முடிவாகவில்லையே, கல்யாணத்தையாவது முடிக்கலாம் என்றார். சுப்பராயலுவுக்கு அதுவும் நியாயமாகப் பட்டது. தையில் வைப்பதா வைகாசியில் வைப்பதா என்று யோசித்துச் சொல்வதாக அனுப்பிவைத்தார். செண்பகம் அன்று சாப்பிடவில்லை.

அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்த மனைவி வீரம்மாள், அவருக்குச் சோறு போட்டுவிட்டு நின்றாள்.

"நீங்க நிதானமா முடிவு பண்ணுங்க. நாளைக்கிக் காலைல பொண்ண நான் இட்டுக்கினு போறேன்."

"எங்க?"

"படிக்க."

ஜல்தி காட்டாதே, யோசிப்போம் என்றார் அவர். மறுநாள் அவர் பல் விளக்கி முடிப்பதற்குள் தாயும் மகளும் தெருமுனையைத் தாண்டியிருந்தார்கள்.

தையா வைகாசியா என்று காத்திருந்த பாண்டுரங்கன் அலுத்துப்போய் மகனுக்குத் திருவாமாத்தூரில் பெண்ணெடுத்துக்கொண்டார். சுப்பராயலு மகளுக்குச் செய்த ஒரே உபகாரம் அதுதான். அதையும் அவர் தெரிந்து செய்யவில்லை.

செண்பகம் மார்ச்சில் எழுதினாள். தகுதி கிடைத்தது. ஜூனில் சென்னையில் பி.யூ.சி. சேரப் புறப்பட்டாள். திண்டிவனம் ஸ்டேஷனில் ஜன்னலோரம் உட்கார்ந்து அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுப்பராயலு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நன்றாகப் படி என்று சொல்வதா, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்வதா? அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ரயில் போய்விட்டது.

அடுத்த வாரமே மண்டியில் வந்தவர் போனவரிடமெல்லாம், அவசரப்பட்டிருந்தால் காரியம் கெட்டிருக்கும், தான் ஆற அமர யோசித்ததால்தான் பெண் கரையேறினாள் என்று சொல்லத் தொடங்கினார். கேட்டவர்கள் நம்பினார்கள். பச்சைமுத்து என்ற குடியானவர் தன் மகனைக் கிருஷ்ணசாமியிடம் சேர்க்கப் பணம் முடிந்துகொண்டு கிளம்பியவர், வழியில் இவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போகலாமென்று மண்டிக்குள் நுழைந்தார். இரண்டு பேருமாக இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அதெல்லாம் இருக்கட்டும், அன்று காலை வீரம்மாள் மகளை அழைத்துக்கொண்டு போனது விழுப்புரத்துக்கா, அந்தோணிசாமி வீட்டுக்கா, எது நல்லதென்று கடைசி வரை சொல்லவில்லையே என்கிறீர்களா? உங்கள் வீட்டிலும் பரீட்சைக்குப் படிக்க ஒரு பிள்ளை இருக்கிறதோ? எழுந்து உள்ளே போய்ப் பாருங்கள். அது எப்போதோ படிக்கப் புறப்பட்டுப் போயிருக்கும்.